உப்பும் ஐஸும் போட்டு வந்த கட்டி

உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதைக்குத் தான் வெட்டப்பட்ட விஷயம் உடனே தெரியாது. ரத்தம் வருவது நின்ற பிறகும் அதிலுள்ள செல்கள் கொஞ்ச நேரம் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கையிருப்புச் சர்க்கரையை எரிக்கும், உப்பை வெளியே தள்ளும், பாதியில் நிற்கும் செல் பிரிவை முடிக்கப் பார்க்கும். அப்புறம்தான் தன்னைத் தானே செரித்துக்கொள்ளத் தொடங்கும். அதற்கு வேண்டிய நொதிகள் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பொடிப் பொடிப் பைகளில் கட்டித் தயாராக இருக்கின்றன. பை கிழிந்தால் போதும். அது கிழிவதற்கு முன் செல்லை நாங்கள் கொன்றாக வேண்டும். சதையைப் போல் பத்து மடங்கு ஃபார்மலினில் அது முழுக வேண்டும். அப்போது ஒவ்வொரு செல்லும் எந்தக் காரியத்தில் இருந்ததோ அந்தக் காரியத்திலேயே இறுகி நின்றுவிடும். நான் உத்தியோகம் பார்த்த காலம் முழுவதும் முதல் விதி இதுதான். மற்ற விதிகளை மறந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ராயபுரத்தில் ஒரு தனியார் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். விலங்கியல் படித்துவிட்டு, கல்லூரியில் தவளையை அறுத்த அனுபவத்தை வைத்துக்கொண்டு அந்த வேலையில் சேர்ந்தவன். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நோயியல் டாக்டர், நான், கூட்டிப் பெருக்க ஒரு அம்மாள், இவ்வளவுதான் ஆய்வகம். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து நர்சிங் ஹோம்களில் அறுவை செய்தெடுத்த சதையெல்லாம் எங்களிடம்தான் வரும். அதைக் கொண்டுவர ஆள் வைக்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. நோயாளியின் சொந்தக்காரர் கையிலேயே பாட்டிலைக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார்கள். ஒருவர் டிபன் கேரியரின் மேல் அடுக்கில் வைத்துக் கொண்டுவந்தார். கீழ் அடுக்கில் அவருடைய மத்தியானச் சோறு இருந்தது. ஒரு பெண்மணி யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று பாட்டிலை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு வந்தார். இதிலெல்லாம் சதைக்கு ஒரு சேதமும் இல்லை. ஃபார்மலினுக்குக் கண் திருஷ்டி கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை காலையில் தண்ணீர் சொட்டும் சாக்கு மூட்டை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். பெருக்கும் அம்மாள் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"யோவ் நைனா, இன்னாத்த தூக்கிகினு உள்ள பூர்ற? இது மீன் மார்க்கெட்டு இல்ல, லேபு. தரை பூரா ஈரம் ஆவுது பாரு."

"மீனு இல்லக்கா. எம் பொண்டாட்டிக்கு ஆபரேசன் பண்ண டாக்டரு குட்த்த பாட்டிலு."

"பாட்டிலுக்கு இம்மாம் பெரிய மூட்டையா? உள்ள சொறா கிறா கீதா?"

அவனுக்கு அநேகமாக என் வயதுதான் இருக்கும். கழுத்தில் மாதா படம் போட்ட சின்ன மெடல். கைவிரல்கள் வெளுத்து, நெடுநேரம் தண்ணீரில் கிடந்ததைப் போலச் சுருங்கியிருந்தன. காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை என்றான். பாளம் பாளமாக வரும் ஐஸை உடைத்து, இறால் கூடைகளில் அடுக்குவது அவன் தொழில். இறால் கப்பலேறத் தொடங்கிய காலம் அது. அந்தத் தொழிலில் கை தேர்ந்தவனுக்கு நல்ல மதிப்பு இருந்தது.

அவன் மூட்டையைப் பிரித்தான். சாக்குக்குள் மரத்தூள், மரத்தூளுக்குள் ஒரு தகர டப்பா, டப்பா நிறைய ஐஸ், ஐஸின் நடுவில் வாய் அகன்ற பாட்டில். பாட்டிலுக்குள்ளும் ஐஸ்தான். அதில் எலுமிச்சை அளவில் ஒரு சதைக்கட்டி பதிந்திருந்தது.

"மோந்து பாரு சார். ஒரு பொட்டு நாத்தம் கெடையாது. சனிக்கிழமை வெட்னது, இன்னும் அப்டியே கீது."

நான் இடுக்கியால் கட்டியைத் தட்டினேன். கூழாங்கல்லைத் தட்டினால் வரும் சத்தம் வந்தது.

"இதுல ஒரு தண்ணி ஊத்திக் கொடுத்திருப்பாங்களே?"

"அந்தக் கலீஜ் தண்ணியா? அத்த ஏன் கேக்குற. பஸ்ல மூடி லூசாயி ஒழுவ ஆரம்பிச்சிட்ச்சி. கண்டக்டரு கத்துறாரு, பக்கத்துல ஒரு கெய்வி கண்ண கசக்கிகினு என் பரம்பரையே திட்டுது. ஒரே பேஜாரு. இங்க வந்தா நீங்க பூட்டிகினு பூட்டீங்க. நாயித்துக்கெழம தொறக்க மாட்டாங்கன்னு எதுர் கடைல சொன்னாங்க. வூட்டுக்கு எத்துகினு போயி தொறந்து பாத்தா கண்ணு எரியுது. மன்ச சதைய அதுல ரெண்டு நாளு போட்டா வெந்து பூடாதா? கொட்டிட்டேன். நம்ம சரக்கு போட்டேன்."

"நம்ம சரக்குன்னா?"

"ஐஸு. வெறும் ஐஸு தாங்காது சார், கல்லுப்பு கலக்கணும். அப்பத்தான் கல்லாவும். ராத்திரி ரெண்டு தபா எய்ந்து மாத்துனேன்." யாராவது பாராட்டுவார்களா என்பது போல் அவன் என்னையும் பெருக்கும் அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தான்.

வெறும் ஐஸை மட்டும் போட்டிருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கும். செல்லுக்குள் இருப்பது பச்சைத் தண்ணீர் அல்ல, உப்பும் புரதமும் கரைந்த நீர். வெறும் ஐஸின் குளிரில் அது உறையாது. உப்பைக் கலந்தால் குளிர் வெகுவாக இறங்கி, செல்லும் உறைந்துவிடும். அக்கறை இல்லாத ஒருவன் கொண்டுவந்திருந்தால் சதை பாதி அழுகியாவது கிடைத்திருக்கும். இவன் மனைவிமேல் அக்கறையுள்ளவனாக இருந்துவிட்டான்.

பாட்டிலோடு வந்த சீட்டில் சர்ஜன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் இளம் பெண், இடது மார்பில் கட்டி, புற்றுநோயா என்று பார்க்கவும். டாக்டர் அதைப் படித்துவிட்டு கட்டியைப் பார்த்தார். கோபப்படவில்லை. போனை எடுத்து நர்சிங் ஹோமைக் கூப்பிட்டுப் பேசினார். வைத்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"கட்டியைச் சுத்தமா எடுத்துட்டாராம். உள்ள ஒரு துணுக்குக்கூட விடலையாம்."

இன்னொரு நாளாக இருந்தால் சந்தோஷப்படும்படியான சேதி. அன்றைக்கு அதன் அர்த்தம் வேறு. மறுபடி வெட்டிப் பார்ப்பதற்கு அந்தப் பெண்ணின் உடம்பில் எதுவும் இல்லை. அவளுக்கு வந்தது என்ன என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி என் மேஜைமேல் உருகிக்கொண்டிருந்தது. புற்று என்றால் மார்பையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் தாமதிக்காமல் எடுக்க வேண்டும். வெறும் பால்கட்டி என்றால் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். எது என்று தெரியாவிட்டால் இரண்டில் எதைச் செய்தாலும் குருட்டு வேலைதான்.

அவன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நோயாளியின் ஆட்களுக்கு டெக்னீஷியன் எதையும் விளக்கக் கூடாது என்பது முறை. அவனோ எழுந்திருக்கவே இல்லை.

"இன்னா சார், எதுனா தப்பாயிட்ச்சா? கெடலியே அது?"

"கெடலை. நீங்க மீனைக் கெடாம வைக்கிறது திங்கிறதுக்கு. இதை நாங்க உள்ளுக்குள்ள பார்க்கணும். சதை முழுக்கப் பொடிப் பொடியா அறை இருக்கு. செல்னு சொல்லுவாங்க. ஒவ்வொண்ணையும் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு, உள்ள தண்ணி, தண்ணிக்குள்ள ஒரு கரு. அந்தக் கருவோட அமைப்பைப் பார்த்துத்தான் நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியும்."

"செரி."

"ஐஸ் போட்ட இறால் உருகினதும் அமுக்கினா தண்ணி விடுதே. அது எங்கேர்ந்து வருது?"

அவன் தன் கையைப் பார்த்தான். உறைந்த இறால் உருகும்போது தொளதொளவென்று ஆவதை அவன் தினமும் தொட்டுப் பார்ப்பவன். உள்ளே இருக்கும் நீர் ஊசி ஊசியாக உறைந்து சவ்வைக் குத்திக் கிழிக்கிறது என்று நான் சொல்லத் தேவை ஏற்படவில்லை.

"உள்ளார எல்லாம் ஒட்ஞ்சி பூட்ச்சா?"

"பெரும்பாலும்."

"தெரியலன்னா இன்னா பண்ணுவாங்க?"

"சந்தேகத்துக்கு மார்பை எடுக்கலாம். இல்லன்னா பொறுத்திருந்து பார்க்கலாம்."

"பொறுத்திருந்தா?"

"நாம பொறுத்திருக்கலாம். கேன்சரா இருந்தா அது பொறுத்திருக்காது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சாக்கை உதறி மடித்தான். மரத்தூள் சிந்திய இடத்தைக் கையாலேயே வழித்து அள்ளப் போனான். பெருக்கும் அம்மாள் அவனைத் திட்டவில்லை. "வுடு நைனா, நா பாத்துக்கறேன்" என்றாள்.

கட்டியின் நடுவிலிருந்து எடுத்த துண்டுகளை வழக்கமான பாதையில் அனுப்பினேன். ஆல்கஹால், அதற்கடுத்து இன்னும் அடர்ந்த ஆல்கஹால், பிறகு சைலீன், பிறகு உருகிய மெழுகு. நீரெல்லாம் வெளியேறி அதன் இடத்தில் மெழுகு உட்கார வேண்டும். கத்தியைத் தோல்வாரில் தீட்டி, வெங்காயத் தோலைவிட மெல்லிதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போட வேண்டும். கருவுக்கு நீலம், மற்றதற்கு இளஞ்சிவப்பு. ராயபுரத்துக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. கருவின் நீலத்தை எடுத்துக்காட்டுவதற்கு மட்டும் அதை மிஞ்சிய தண்ணீர் கிடையாது. இவ்வளவும் ஒழுங்காகச் செய்தேன். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு எழுந்துகொண்டு என்னை உட்காரச் சொன்னார்.

எலி கடித்த வலை போல் இருந்தது. செல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைகள். ஓட்டைகளைச் சுற்றிக் கிழிந்த நார்கள். அங்கங்கே கருவென்று சொல்லத்தக்க ஒரு நீலக் கறை, ஓரங்கள் கரைந்து. இதில் நல்லது எது, கெட்டது எது என்று கடவுளுக்கே சொல்ல முடியாது.

"அவன் அந்தத் தண்ணியை எப்பக் கொட்டினான்?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்டுக்குப் போய். சாயங்காலம் ஆகியிருக்கும்."

"ஆபரேஷன் காலையில. அதுவரைக்கும் ஃபார்மலின் உள்ள ஊறியிருக்குமே. ஓரத்தை மட்டும் வெட்டு. தோல் சீவுற மாதிரி."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஃபார்மலின் சதைக்குள் மெதுவாகவே இறங்கும். சில மணி நேரத்தில் விளிம்புதான் இறுகியிருக்கும், அந்த விளிம்பையும் உப்பு ஐஸ் சும்மா விட்டிருக்காது. ஆனாலும் கட்டியைச் சுற்றிலும் சீவி மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மெழுகு இறங்குவதை அவசரப்படுத்த வழி இல்லை. அந்த நாட்களில் எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த காற்றில் புகை வாடை கூடுதலாக இருந்தது. ஜன்னலைச் சாத்தினால் சைலீன் நெடி, திறந்தால் அந்த வாடை. அவன் தினமும் காலையில் ஃபேக்டரிக்குப் போகும் முன் வாசலில் வந்து நிற்பான். இன்னும் முடிவு வரவில்லை என்று தலையாட்டுவேன். போய்விடுவான்.

விளிம்பிலிருந்து சீவிய தகடுகள் தயாரான அன்று அவனோடு அவன் மனைவியும் வந்திருந்தாள். ஒல்லியானவள், ரவிக்கைக்கு மேல் புடவையை இறுக்கிப் போர்த்தியிருந்தாள். குழந்தையை அக்கம்பக்கத்தில் விட்டு வந்திருந்தாள் போலும். நேரம் ஆக ஆகப் பால் கட்டி, வலது பக்கம் புடவை நனைந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"இது வந்து வந்து வாசல்லயே நின்னுட்டு வருது. இன்னான்னு கேக்க மாட்டேங்குது. அதான் நானே வந்தேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "ஐஸ்ல வெச்சா கெடாதுன்னு எனிக்கும் சேத்து போட்டுவுட்டியா? என்னியும் தூக்கி அந்த டப்பால வெக்க வேண்டியதுதான?"

"சும்மா கெட."

"நா சும்மாதான் கீறேன். உள்ள இருக்கறதுதான் சும்மா இருக்குதா இல்லியான்னு இவங்க சொல்லணும்."

உள்ளே டாக்டர் தகட்டை வைத்துத் திருகினார். விளிம்பு இறுகித்தான் இருந்தது, நூலிழை அகலத்துக்கு. அந்த நூலிழையில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கருக்கள் பெரிது. சில செல்கள் பிரிந்துகொண்டிருந்தன.

"பால் கொடுக்கிற மார்புல செல் பெருசாவும் இருக்கும், பிரியவும் செய்யும். அது அதோட வேலை. ரெண்டாப் பிரியறதைப் பார்த்து நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார், கண்ணை எடுக்காமல். அவர் சொன்னது எனக்குச் சற்றுத் தெம்பாக இருந்தது.

செல் பிரிவதைப் போல ஒழுங்கான காரியம் உடம்பில் வேறில்லை. முதலில் கருவுக்குள் இருக்கும் குரோமோசோம்கள் ஒவ்வொன்றும் தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ளும். பிறகு எல்லாம் தடித்துக் கறுத்து, செல்லின் நடுவில் ஒரே வரிசையில் வந்து நிற்கும். இரண்டு முனைகளிலிருந்து இழைகள் வந்து ஜோடிகளைப் பிரித்து ஆளுக்குச் சரிபாதியாக இழுக்கும். இடுப்பு ஒடுங்கும், செல் இரண்டாகும். எந்த மகள் செல்லுக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போதும் என்ற இடத்தில் நின்றுவிடுவதும் அந்த ஒழுங்கில் சேர்ந்ததுதான்.

டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "பாரு."

பார்த்தேன். வட்டத்தின் நடுவில் ஒரு செல். குரோமோசோம்கள் வரிசையாக நிற்கவில்லை; முச்சந்தி போல மூன்று பக்கமாகப் பிரிந்து கிடந்தன. மூன்று முனைகள் ஒரே செல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. யாருக்கு எத்தனை என்ற கணக்கே இல்லாத பாகப்பிரிவினை. அந்தக் காரியத்தின் நடுவில்தான் ஃபார்மலின் அதைப் பிடித்திருந்தது. தகட்டை நகர்த்தினேன். இன்னொன்று. அதற்குச் சற்றுத் தள்ளி, நான்காக இழுபடும் ஒன்று.

"இது பால் கொடுக்கிற செல் இல்லை" என்றார் டாக்டர்.

வழக்கமாகச் சர்ஜன் வழியாகத்தான் சொல்வார். அன்று அவளையே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"எத்தினி நாளா உள்ள கீது அது?"

"ஒரே ஒரு செல்லுலதான் ஆரம்பிச்சிருக்கும்மா. அது ரெண்டு, ரெண்டு நாலுன்னு பெருகி, கைக்குத் தட்டுப்படற அளவுக்கு வர்றதுக்கு வருஷக்கணக்கா ஆகும்."

"அப்ப கோயில்ல தாலி கட்டும்போதே இருந்திச்சா?"

"இருந்திருக்கலாம்."

அவள் சுவரோரம் நின்றவனைப் பார்த்தாள். "கேட்டியா? எங்கப்பன் சீரு கம்மின்னு உங்கம்மா இன்னா பேச்சு பேசுச்சி. சொல்லாமகொள்ளாம இன்னொன்னு வெச்சி அனுப்பிகீறாரு பாரு."

அவன்தான் அழுதான். அவள் அழவில்லை. மார்பை எடுத்துவிடச் சொன்னாள். பிறகு ஒரு விஷயம் கேட்டாள். வெட்டியெடுப்பதைக் குப்பையில் போடாமல் கொடுப்பார்களா, கல்லறையில் தன் அம்மாவைப் புதைத்த குழியோரம் வைக்க வேண்டும் என்று. அந்தப் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது உண்டு. துறைமுக வேலையில் விபத்தாகிக் கால் போனவர்களின் காலைப் பாதிரியார் மந்திரித்துப் புதைத்திருக்கிறார். பங்குச்சாமியாரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வந்தால் கொடுக்கலாம் என்று நான் நடைமுறையைச் சொன்னேன்.

"முன்னாடி போயி எடம் புடிச்சி வெக்கட்டும்" என்றாள்.

அறுவை நடந்தது. இந்தத் தடவை சதை முறைப்படி வந்தது. மார்பைப் பகுதி பகுதியாக வெட்டிப் பார்த்ததில் மிச்சம் எதுவும் தென்படவில்லை. சர்ஜன் சொன்னது சரிதான், சுத்தமாகவே எடுத்திருந்தார். அடுத்து அக்குள் கொழுப்பை விரலால் பிசைந்து நெறிக்கட்டிகளைத் தேடினேன். துவரம்பருப்பு போல உருண்டையாகச் சிக்கும். ஒவ்வொன்றாக மெழுகில் வைத்துச் சீவினேன். கிருமியை வடிகட்டும் சின்ன வெள்ளை அணுக்கள் மட்டும் அங்கே குடியிருக்க வேண்டும். முதலில் பார்த்தவை எல்லாம் அப்படியே இருந்தன. டாக்டர் ஒவ்வொரு தகடாகத் தள்ளித் தள்ளி வைத்தார், நான் மூச்சை விட்டுக்கொண்டேன். ஒரு தகட்டில் அவர் கை நின்றது. நெறிக்கட்டியின் உறைக்குக் கீழே, நிணநீர் உள்ளே வரும் வழியில், ஒரு சிறு கூட்டம். பெரிய கருக்கள். புதிய இடம் என்ற கூச்சம் சிறிதும் இல்லாமல் அவை அங்கேயும் பிரிந்துகொண்டிருந்தன.

அந்த ரிப்போர்ட் சர்ஜனுக்குப் போய்ச் சில நாள் கழித்து அவன் சாமியாரின் கடிதத்தோடு வந்தான். பெட்டிப் பலகையில் தானே அடித்த சின்னப் பெட்டி ஒன்றும் கையில் இருந்தது. மிச்சமிருந்த சதையை ஃபார்மலின் வடித்துத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

"எல்லாம் கீதா சார் இதுல?"

"மெழுகுல வெச்ச துண்டுங்க இங்கதான் இருக்கும். அது விதி."

"கெட்டது உங்ககிட்டயே இருக்கட்டும். நல்ல சதைய நாங்க எட்த்துக்கறோம்." பெட்டியை மூடிவிட்டு நின்றான். சர்ஜன் அவனிடம் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. "வேற எங்கியாச்சும் போயிருக்குமா சார்?"

"வெட்டி அனுப்பினதை மட்டும்தான் எங்களால பார்க்க முடியும்."

வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா நின்றிருந்தது. படியேற முடியாமல் அவள் அதிலேயே உட்கார்ந்திருந்தாள். இடது தோளை ஒருபுறம் சாய்த்து, மடியில் குழந்தை. அவன் பெட்டியோடு இறங்கிப் போனான். நான் வாசல்வரை போய் நின்றேன்.

"இன்னா சொன்னாரு?" என்றாள்.

"ஒண்ணியும் இல்ல. எல்லாத்தியும் எட்த்துட்டாங்களாம். சுத்தமா கீதாம்."

அவள் அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் பார்வையை விலக்குவதற்குள் பார்த்துவிட்டாள்.

"அப்டியா?" என்று அவனிடம் சொல்லிவிட்டு, குழந்தையை வலது பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். "ஏறு. சாமியாரு காத்துகினு இருப்பாரு."